பறவை எத்தனை மணிக்குக் கிளம்பியது

என் நாவலில் ஒரு பறவை இருந்தது. யானையைவிடப் பெரியது. வடக்குக் கோட்டையில் இளவரசனை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் பொழுது விடிவதற்குள் தென்கடல் கரையில் இறக்கிவிடும். ஆறு வருடமாக அதை நான் இறகு இறகாக எழுதி வளர்த்து வைத்திருந்தேன். மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியின் ஐந்தாவது மாடியில், கடைசி வரிசையில், மடியில் வாக்கிடாக்கியோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் அதை இரண்டே நிமிடத்தில் கொன்றுவிட்டார்.

அன்றைக்கு அங்கே மிகுபுனைவு விழா நடந்துகொண்டிருந்தது. மந்திரம், பறக்கும் விலங்கு, இல்லாத நாடு என்று எழுதுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் கூடுகிற இரண்டு நாள் விழா. அட்டைக் கத்தியும் தெர்மோகோல் கவசமும் போட்ட கூட்டம். முதுகில் ஆறடிச் சிறகு கட்டிக்கொண்டு வந்த ஒருவர் மின்தூக்கிக்குள் நுழைய முடியாமல் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மலாய், சீனம், ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் பெரிய மண்டபங்கள். தமிழுக்கு ஒரு சின்ன அறை, ஒரு பயிலரங்கு, பதினொரு நாற்காலி.

நான் கூலாயில் ஓர் இடைநிலைப் பள்ளியின் அறிவியல் கூடத்தில் உதவியாளன். பகலெல்லாம் சோதனைக் குழாய் கழுவுவது, வீட்டுக்கு வந்ததும் ஏழு ராஜ்ஜியங்களை ஆள்வது என்று என் வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்தாறு வயதில் முதல் நாவல். வீட்டில் அதை யாரிடமும் காட்டியதில்லை. அதனால் அந்தப் பதினொரு நாற்காலியும் எனக்குப் பெரிய சபைதான்.

ஈப்போவிலிருந்து வந்திருந்த எழுத்தாளர் ஒருவர் பயிலரங்கை நடத்தினார். நன்றாகத்தான் சொன்னார். மந்திரம் இலவசமாகக் கிடைக்கக்கூடாது, அதற்கு யாராவது எதையாவது இழக்க வேண்டும் என்றார். கெட்டவனுக்கும் தன் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கும், அதை அவன் வாயாலேயே சொல்லவிடுங்கள் என்றார். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். பிறகு யாராவது தங்கள் உலகத்தை விளக்கலாம் என்றார். நான் நான்கு மடிப்பாக வைத்திருந்த வரைபடத்தை விரித்துச் சுவரில் ஒட்டி, இளவரசனையும் பறவையையும் விளக்கினேன். எழுத்தாளர் தலையாட்டினார். "கேள்வி ஏதும் இருக்கா?" என்று கேட்டார்.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. கழுத்தில் 'பெதுகாஸ்' என்ற அட்டை. பணியாளர் என்று அர்த்தம். கரும்பச்சை டி-சட்டை, தலையில் ஏற்றிவிட்ட வெயில் கண்ணாடி. முப்பத்தெட்டு வயது இருக்கலாம்.

"அந்தப் பறவ எத்தன மணிக்குக் கெளம்புச்சு?"

"சாயங்காலம்," என்றேன்.

"சாயங்காலம்னா அஞ்சா, ஏழா?"

"ஏழுன்னு வச்சுக்குங்க."

எழுந்து வந்து வரைபடத்தின் அருகில் நின்றார். விரலால் வடக்கிலிருந்து தெற்கே அளந்தார். மூலையில் நான் போட்டிருந்த அளவுகோலைப் பார்த்தார். "ஆயிரத்து எரநூறு கிலோமீட்டர். பதினோரு மணி நேரம். நடுவுல எங்கயும் நிக்கலையா?"

"நிக்காது. அது தெய்வீகப் பறவை."

"தெய்வீகப் பறவைக்குத் தண்ணி வேணாமா? சரி, அது வேணாம்னே வச்சுப்போம். மேல ஒக்காந்திருக்கற பையன் மனுசன்தான? பதினோரு மணி நேரம் எப்படி அடக்கிக்கிட்டு இருப்பான்?"

பதினொரு நாற்காலியும் சிரித்தது. ஈப்போ எழுத்தாளர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். வரைபடத்தைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு வெளியே போய்விடலாமா என்று இருந்தது எனக்கு.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. தென்கடல் கரையில் நான் போட்டிருந்த சிவப்புப் புள்ளியின்மேல் விரலை வைத்து, "இங்க யாரு நிக்கிறாங்க?" என்று கேட்டார்.

"எங்கே?"

"இவன் எறங்கற எடத்துல. அவன் வருவான்னு யாராச்சும் காத்துக்கிட்டு நிப்பாங்கல்ல? அது யாரு?"

யாரும் இல்லை. ஆறு வருடத்தில் அந்தக் கரையில் ஒருவரையும் நான் நிறுத்தி வைத்திருக்கவில்லை. அப்போது அவருடைய வாக்கிடாக்கி கரகரத்தது. "லார்கின் வண்டி வந்துருச்சு, நான் போறேன்," என்று போய்விட்டார்.

அவர் விழாவுக்கு வந்தவரே இல்லை என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. பாசிர் கூடாங்கில் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. எந்த பஸ் எத்தனை மணிக்கு எந்த வழியாகப் போய் யாரை ஏற்ற வேண்டும் என்று அனுப்புகிற வேலை. ஒரு ஷிஃப்டுக்கு நாற்பது பஸ். விழாக்காரர்கள் லார்கின் பஸ் நிலையத்துக்கும் பேரங்காடிக்கும் இடையில் ஆட்களைக் கொண்டுவர அந்தக் கம்பெனியிடம் இரண்டு வண்டி எடுத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறார். தமிழ் அறையில் ஏர்கான் நன்றாக இருந்ததால் உட்கார்ந்தாராம்.

திரும்பிப் போகும் வண்டியில் அவர் எனக்குப் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார்.

"கோவமா அண்ணே?"

"இல்லம்மா."

"மூஞ்சப் பாத்தா அப்படித் தெரியல லா. நான் வேணும்னு கேக்கல. எனக்குக் கதைன்னா ஆரம்பத்துலேருந்தே அப்படித்தான். டிவில நாடகம் பாப்பேன். அந்தப் பொண்ணு சென்னையில ஃபோன வைப்பா, அடுத்த சீன்ல மதுரையில அழுதுக்கிட்டு நிப்பா. எங்க மாமியாரு கூட சேந்து அழுவாங்க. நான் பஸ்ஸா ரயிலான்னு கேப்பேன். அதனால எங்க வீட்டுல நாடகம் ஓடுறப்போ என்னைய சமையக்கட்டுக்கு அனுப்பிருவாங்க."

பிறகு, நான் கேட்காமலே, ஒன்றைச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். மாசாய் பக்கம் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு பஸ்ஸை ஒரு தெரு தள்ளித் திருப்பிவிட வேண்டியிருந்தது. டிரைவரிடம் சொன்னார், தொழிற்சாலைக்குச் சொன்னார், ஏறுகிற ஆட்கள் எல்லோருக்கும் செய்தி அனுப்பினார். ஒரு நிறுத்தத்தில் ஒரே ஒரு பெண்தான் ஏறுவாள், இந்தோனேசியாவிலிருந்து வந்தவள். அவளுக்கு மட்டும் சொல்ல விட்டுப்போனது. காலை ஆறு மணிக்கு வந்து நின்றிருக்கிறாள். மழை. ஒன்பதரைக்குத் தொழிற்சாலையிலிருந்து ஆள் வரவில்லை என்று கேட்டபோதுதான் இவருக்கு உறைத்திருக்கிறது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால் அவள் அங்கேயே நனைந்துகொண்டு நிற்கிறாள்.

"என்னைப் பாத்ததும் அவ என்னா சொன்னா தெரியுமா? மாஃப் காக், மன்னிச்சுக்குங்க அக்கா, நான் லேட்டா வந்துட்டேன் போலன்னா. தப்பு அவ மேலன்னு நெனச்சுக்கிட்டு மூணர மணி நேரம் நின்னிருக்கா."

வண்டி லார்கினுக்குள் திரும்பியது. எழுந்து கதவருகே போனவர், "அதுலேருந்து எந்தக் கதையக் கேட்டாலும் எனக்கு இந்தப் பக்கம் கெளம்பறவனத் தெரியாதுண்ணே. அந்தப் பக்கம் நிக்கிறவங்களத்தான் தெரியும்," என்றார்.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் பறவையோடு போராடினேன். கடைசியில் அதன் வேகத்தைக் குறைத்தேன். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அது எங்காவது இறங்கித் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று வைத்தேன். இறங்குகிற இடத்தில் ஒரு குளம் வேண்டியிருந்தது. குளம் இருந்தால் அதை வெட்டிய ஊர் ஒன்று வேண்டும். அவ்வளவு பெரிய பறவை வந்து குளத்தைக் குடித்து வற்றவைத்துவிட்டுப் போனால் அந்த ஊர் இளவரசனைப் பற்றி என்ன நினைக்கும்? அந்த ஊர்க்காரர்களுக்கு அவன்மேல் கோபம் இருக்கும். ஆறு வருடம் நான் தேடியும் கிடைக்காத எதிரிகள் அந்த நிறுத்தங்களில்தான் முளைத்தார்கள். பயிலரங்கில் கேட்டுக் குறித்துக்கொண்ட விஷயங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான் எனக்கு வேலைக்கு ஆயின.

அவருடைய எண்ணை வாங்கி வைத்திருந்தேன். அவ்வப்போது கேட்பேன். மழைக்காலத்தில் மலையேறும் ஒற்றன் ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பான்? "செருப்பு என்னா செருப்பு?" என்று பதில் வரும். காயம்பட்ட படைத்தலைவனைக் கட்டை வண்டியில் கொண்டுபோனால்? "நானா இருந்தா படகுல அனுப்புவேன், ரோட்டுல போனா செத்துருவாரு." அவர் சொன்னதால் என் படைத்தலைவர் பிழைத்துக்கொண்டார். அவரைக் கொல்வதாகத்தான் இருந்தது.

அடுத்த வருடமும் விழா நடந்தது. அவர் அதே பணியாளர் அட்டையோடு வந்திருந்தார். தமிழ் அறை கொஞ்சம் பெரிதாகியிருந்தது, அறுபது பேர் இருப்பார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒரு சிறப்புப் பேச்சாளர் வரவேண்டும். பத்து மணிக்குப் பேச்சு. பத்தேகாலுக்கு ஏற்பாட்டாளர் அறைக்குள் ஓடிவந்தார். வார நாட்களில் பொறியாளராக இருக்கிற இளைஞர். விழாவுக்காக நீளக் காது ஒட்டியிருந்தார், அதில் ஒன்று பாதி கழன்றிருந்தது.

"அக்கா, அவரு எங்க?"

"சிங்கப்பூர்ப் பாலத்துல நிக்கிறாரு. பயங்கர ஜாம். வண்டியிலயே இருந்தா ரெண்டு மணி நேரம் ஆவும், எறங்கி நடந்தா அர மணி நேரம். நடக்கச் சொல்லிட்டேன்."

"அலமாக். சிறப்பு விருந்தினர நடக்கச் சொன்னீங்களா?"

"அவருதான கேட்டாரு, எது சீக்கிரம்னு."

ஏற்பாட்டாளர் தலையில் கை வைத்தார். அறுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். "அதுவரைக்கும் நீங்க எதாச்சும் பேசுங்கக்கா. போன வருசம் நீங்க கேட்ட கேள்வியப் பத்தி எல்லாரும் பேசுனாங்க."

"எனக்கு பஸ்ஸப் பத்தித்தான் தெரியும்."

"பஸ்ஸப் பத்தியே பேசுங்க."

ஒலிபெருக்கியை வாக்கிடாக்கி பிடிப்பதுபோல வாய்க்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். பிறகு, "இங்க யாராச்சும் சண்டக் கதை எழுதறீங்களா?" என்று கேட்டார்.

பத்து பாகாட் என்ற ஊரிலிருந்து வந்திருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். அவள் கதையில் பத்தாயிரம் வீரர்கள் மலையைத் தாண்டிப் போகிறார்கள்.

"பத்தாயிரம் பேரா? எல்லாரும் ஒரே ஷிஃப்டா?"

அறை சிரித்தது.

"சிரிக்காதீங்க. நான் ரெண்டாயிரம் பேர அனுப்பறதுக்கே பாதி உசுரு போவுது. சரி, காலையில எந்திரிச்சதும் பத்தாயிரம் பேரும் எங்க போவாங்க?"

"எங்க போவாங்கன்னா?"

"நீங்க காலையில எந்திரிச்சா மொதல்ல எங்க போவீங்க?"

அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. அறை அதிர்ந்தது. அவர் நிறுத்தவில்லை. ஆற்றுக்கு எந்தப் பக்கம் கூடாரம் போட வேண்டும், மேல்பக்கமா கீழ்ப்பக்கமா, ஏன். ஆறு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்கிற பாதையில் பத்தாயிரம் பேர் நடந்தால் வரிசை எவ்வளவு நீளம். ஏற்பாட்டாளரையும் முன்வரிசை ஆட்களையும் எழுப்பி, நாற்காலிகளுக்கு நடுவில் நடக்கவிட்டுக் காட்டினார். வேல் வைத்திருந்த ஒருவர் முன்னால் போனவரின் தொப்பியைத் தட்டிவிட்டார். "பாத்தீங்களா, பத்தாயிரம் வேலு. மல மேல திரும்பறப்போ எத்தன பேரு கண்ணு போவும்?"

அந்தப் பெண் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தாள்.

"மொத ஆளு மல உச்சிக்குப் போயிட்டான்னு எழுதியிருப்பீங்க. அப்ப கடைசி ஆளு என்னா பண்ணிக்கிட்டு இருப்பான் தெரியுமா? கீழ பல்லு வெளக்கிக்கிட்டு இருப்பான். கதையில எல்லாருக்கும் மொத ஆளத் தெரியுது. எனக்கு அந்தக் கடைசி ஆளத்தான் தெரியும். எல்லா பஸ்சுலயும் ஒருத்தன் இருப்பான். ஓடி வருவான். ஒரு கால்ல ஷூ இருக்கும், இன்னொண்ணு கையில இருக்கும். அவனுக்காக நிக்கறதா, விட்டுட்டுப் போறதான்னு தெனமும் முடிவெடுக்கணும். உங்க ராஜா அந்த மாதிரி ஒரு முடிவு எடுத்திருக்காரா?"

அந்த நேரத்தில் பின்கதவைத் திறந்துகொண்டு சிங்கப்பூர்ப் பேச்சாளர் உள்ளே வந்தார். சட்டை முழுக்க வியர்வை. மேடைக்குப் போகாமல் ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். பேச்சு முடிந்ததும் முதலில் கைதட்டியவர் அவர்தான்.

இதோடு முடித்துக்கொண்டால் எனக்கும் நன்றாக இருக்கும். ஆனால் அன்று பிற்பகலில் நான் ஒரு காரியம் செய்தேன்.

எழுதிக்கொண்டிருப்பதிலிருந்து யார் வேண்டுமானாலும் பத்து நிமிடம் வாசிக்கலாம் என்று ஓர் அமர்வு. நான் புதிதாக எழுதிய அத்தியாயத்தைக் கொண்டுபோயிருந்தேன். அதில் ஒரு வாயில்காரி வருவாள். தலைநகரின் வடக்கு வாசலில் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனை எல்லாம் நிறுத்தி, எத்தனை நாழிகைக்குக் கிளம்பினாய், எங்கே தண்ணீர் குடித்தாய் என்று கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வாள். பேரரசன் வெற்றியோடு திரும்பி வருகிறான். அவனையும் நிறுத்திக் கேட்கிறாள். அவன் விரல்விட்டு எண்ணிக்கொண்டு நிற்கையில் பின்னால் அவன் யானை தூங்கிவிடுகிறது. வீட்டில் எழுதும்போது நானே சிரித்தேன். அவர் கேட்டால் சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன். நிஜமாகவே அப்படி நினைத்தேனா, அல்லது போன வருடம் பதினொரு நாற்காலி சிரித்த சிரிப்பு எனக்குள் இன்னும் இருந்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது பத்தியிலேயே அறைக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் சிரித்து, திரும்பித் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். யானை தூங்கிய இடத்தில் நான் தலையை நிமிர்த்தினேன். அவர் நாற்காலி காலியாக இருந்தது.

சாயங்காலம் வண்டியில் அவர் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். லார்கினில் இறங்கும்போது, "பாத்து எறங்குங்க," என்றார். எல்லோருக்கும் அதைத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு என் செய்திகளைப் படித்ததற்கு அடையாளம் தெரியும், பதில் வராது. ஒரு மாதம் பார்த்தேன். பள்ளி விடுமுறை விட்டதும் மோட்டாரை எடுத்துக்கொண்டு பாசிர் கூடாங்குக்குக் கிளம்பினேன்.

பஸ் கொட்டடியின் மூலையில் ஒரு கண்டெய்னரை அறுத்து ஜன்னல் வைத்து அலுவலகம் ஆக்கியிருந்தார்கள். சுவர் முழுக்க வெள்ளைப் பலகை, அதில் பஸ் எண்கள் எழுதிய காந்த வில்லைகள். நான் போய்ச் சேர்ந்தது இரண்டரை மணிக்கு. மூன்று மணிக்கு ஷிஃப்ட் மாறும். என்னைப் பார்த்ததும், "அங்க நில்லுங்கண்ணே, இப்பப் பேச முடியாது," என்று கதவோரம் கைகாட்டினார்.

நின்றேன். ஒரு கையில் வாக்கிடாக்கி, ஒரு கையில் ஃபோன். பன்னிரண்டாம் எண் பஸ்ஸுக்குச் சக்கரம் பழுது. அதில் ஏறுகிறவர்களை மூன்று பஸ்களுக்குப் பிரித்தார். ஒருவரிடம் மலாயில் திட்டினார், ஒருவரிடம் தமிழில் கெஞ்சினார். காந்த வில்லைகள் பலகையில் நகர்ந்தன. மூன்றரை மணிக்கு எல்லா பஸ்ஸும் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்த பிறகுதான் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்த தே ஓ, பாலில்லாத தேநீர், ஆறிப்போயிருந்தது. அப்படியே உறிஞ்சினார்.

"மன்னிச்சுரும்மா," என்றேன். "எல்லாரும் சிரிக்கற மாதிரி எழுதிட்டேன்."

"சிரிச்சதுக்கு ஒண்ணும் இல்லண்ணே. அன்னிக்குக் காலையில நானே சிரிக்க வச்சேன். சிரிப்பு வராத மாதிரியா நான் பேசறேன்?"

"பின்ன?"

கொஞ்ச நேரம் அந்தப் பையின் முடிச்சை இழுத்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொம்பளைக்கு அந்த நாட்டுல எல்லா வழியும் தெரியுது. எங்க குளம் இருக்கு, எங்க மண்ணு சரியும், எல்லாம். எல்லாருக்கும் வழி சொல்றா. கதை முழுக்க அந்த வாசல்லயே ஒக்காந்திருக்கா. ஒரு நாளாச்சும் எந்திரிச்சு எங்கயாவது போனாளா?"

"அவ வாயில்காரிம்மா. வாசல விட்டு எப்படிப் போவா?"

"வாயில்காரிக்கு லீவு கெடையாதா?"

அவர் காலிப் பையை மேசையில் வைத்தார்.

"பதினாலு வருசமா நான் பஸ் அனுப்பறேன். வேலைக்கு மோட்டார்ல வர்றேன், மோட்டார்ல போறேன். மாமியாருக்கு மருந்து, வீட்டுக்காரருக்குத் துறைமுகத்துல ஷிஃப்ட், லீவு ஒத்து வராது. ரெண்டு மணி நேர தூரத்துல இருக்கற மெர்சிங் தாண்டி நான் போனதில்ல. அத யாருகிட்டயும் சொன்னதில்ல. நீங்க எப்படியோ கண்டுபிடிச்சு எழுதிட்டீங்க. எழுதிட்டு, அவள ஒக்கார வச்சே விட்டுட்டீங்க. அதான் எந்திரிச்சுப் போயிட்டேன்."

நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. வேறு ஒன்றைச் சொன்னேன். "அவ போயிட்டா கதவு தெறந்து கெடக்கும். எதிரி உள்ள வந்துருவான். அவ அங்கயே இருக்கணும்ங்கறது விதி. கதையே அதுலதான் நிக்குது."

"விதியாவது ஒண்ணாவது. பக்கத்து ஆளுகிட்ட சாவியக் குடுத்துட்டுப் போவா. லீவுன்னா எல்லாரும் அப்படித்தான பண்றோம்."

ஏழு ராஜ்ஜியங்களின் விதியை ஒரு மாற்று ஆளை வைத்து அவர் தீர்த்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து வாயில்காரியை எழுப்பினேன். எழுந்தவள் நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. இளவரசன் பின்னுக்குப் போனான். நாவலின் பிற்பாதி முழுக்க அவள் நடந்தாள். அவர் மறுபடியும் என் செய்திகளுக்குப் பதில் அனுப்ப ஆரம்பித்திருந்தார். முன்பைவிடக் கண்டிப்பு அதிகம். நான்காம் நாள் அவளுக்குக் கால் வீங்கும், எழுதினீர்களா என்பார். அவள் தனியாகப் போகிறாள், தூங்கும்போது மூட்டையை எங்கே வைப்பாள் என்பார். தென்கடலை அவள் எட்டிப் பார்க்கிற அத்தியாயம் மட்டும் நகரவில்லை. கடலைப் பார்த்ததும் அவள் என்ன செய்வாள் என்று அவரிடம் கேட்டேன்.

"தெரியலண்ணே," என்று பதில் வந்தது. எந்தக் கேள்விக்கும் அவர் அப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளியில் குடுவைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஃபோனில் குரல்செய்தி வந்தது. பின்னால் எஞ்சின் சத்தம்.

"அண்ணே, லார்கின்லேருந்து கெளம்பிட்டேன். கோத்தா பாரு போறேன். ஜன்னல் சீட்டு."

கோத்தா பாரு என்றால் தீபகற்பத்தின் மறுமுனை. பகல் முழுக்க பஸ். அடுத்த செய்தி மெர்சிங் தாண்டி வந்தது. பக்கத்து சீட்டில் ஒரு மலாய்க்காரப் பாட்டியம்மா ரம்புத்தான் உரித்துக் கொடுத்துக்கொண்டே வருகிறாராம். குவாந்தானிலிருந்து ஒன்று. "டிரைவரு நாப்பது நிமிசம் நிறுத்திட்டாரு. சாப்புடறாரு. நான் ஒண்ணும் கேக்கல, சாப்புடட்டும்." திரெங்கானு பக்கம் எங்கோ ஒரு செய்தியில் அவர் பேசவே இல்லை. பஸ் கடலோரம் நின்றிருக்க வேண்டும், அலைச் சத்தம் மட்டும் கேட்கிறது, அரை நிமிடம். நான் அதை அறிவியல் கூடத்தில் நின்றபடி மூன்று தடவை கேட்டேன்.

சாயங்காலம் போய் இறங்கி, ஒரு சின்ன ஹோட்டலில் தங்கி, காலையில் கடற்கரைக்குப் போய்க் கொஞ்சம் நின்று, அந்த ஊரின் நீலச் சோறு ஒரு தட்டு சாப்பிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டார்.

"அவ்ளோதானா?" என்று ஃபோனில் கேட்டேன்.

"அவ்ளோதான். நல்லாருந்துச்சு. திங்கக்கெழம ஷிஃப்ட் இருக்குல்ல?"

என் நாவலும் அப்படித்தான் முடிந்தது. வாயில்காரி தென்கடலுக்குப் போகிறாள், கரையில் கொஞ்ச நேரம் நிற்கிறாள், ஒரு மீனவக் குடிசையில் சாப்பிடுகிறாள், திரும்பி நடக்கிறாள். கோலாலம்பூர்ப் பதிப்பாளர் படித்துவிட்டுக் கூப்பிட்டார். "கடைசியில ஒண்ணுமே நடக்கலையே சார். ஒரு கடல் பூதமாச்சும் வரலாமே?" வராது என்று சொல்லிவிட்டேன். என் வாழ்நாளில் ஒரு பதிப்பாளரிடம் நான் மறுத்துப் பேசியது அந்த ஒரு முறைதான்.

மூன்றாவது வருட விழாவில் நாவல் வெளியீடு. அவர் அந்த வருடம் பணியாளராக வரவில்லை, வண்டிகளை வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள். அரக்கு நிறச் சேலையில், தலையில் பூவோடு, முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. கைப்பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு நாவலைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினார்.

அவர் கணவரும் வந்திருந்தார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர். பெரிய உடம்பு, சின்னக் குரல். உள்ளே போகாமல், புத்தக மேசையருகில் என்னிடம் வந்து நின்றார். எதையோ கேட்க வந்து கேட்காமல் என் புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? அவ கோத்தா பாரு போனால்ல, ஏன் போனான்னு உங்ககிட்ட ஏதும் சொன்னாளா?"

"உங்ககிட்ட சொல்லலையா?"

"போறேன்னு சொன்னா. ஏன்னு நான் கேட்டேன், சும்மாதான்னா. எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. வீட்டுல ஏதும் பிரச்சனையா, நான் ஏதும் பண்ணிட்டேனான்னு. ரெண்டு நாளு பேசாம இருந்தேன். இப்ப எல்லாம் சரியாயிருச்சு. ஆனா அது மட்டும் உள்ள நிக்குது."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "பதினாலு வருசமா பஸ் அனுப்பறாங்கல்ல. ஒரு தடவ ஏறிப் பாக்கணும்னு இருந்திருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

அவர் அட்டையிலிருந்து கையை எடுத்தார். "அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"அடுத்த தடவ போறப்ப நானும் வர்றேன்னு சொன்னா சங்கடப்படுவாளா சார்?"

"அத நீங்க அவங்ககிட்டதான் கேக்கணும்."

அவர் தலையாட்டிவிட்டு மண்டபத்துக்குள் போனார். சிறகு கட்டியவர்களையும் கவசம் போட்டவர்களையும் ஒதுங்கி ஒதுங்கித் தாண்டி முன்வரிசைக்குப் போய், குனிந்து மனைவியிடம் ஏதோ சொன்னார். மேசையருகில் நின்ற எனக்குக் கேட்கவில்லை. அவர் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்திக் கணவரையே பார்த்தார். மேடையில் ஒலிபெருக்கியைச் சரிபார்க்க ஆரம்பித்துவிட்டார்கள், என் பெயரைக் கூப்பிட்டார்கள், நான் இரண்டடி வைத்து மறுபடி திரும்பிப் பார்த்தேன். அவர் பக்கத்து நாற்காலியிலிருந்த கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பெரிய மனிதர் காலியான நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.